சம்பளம் யாரு குடுப்பா? – ஆக்குபேஷனல் தெரபியின் நூறு வருஷக் கதை

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தா புதுக்கோட்டைப் பக்கம் எந்த வீட்லயும் ஒரே பேச்சுதான். எம்.பி.பி.எஸ். எட்டாது, இன்ஜினியரிங் படிச்சவன் எல்லாம் சும்மா இருக்கான், வேற என்னதான் இருக்கு? அப்ப யாராவது ஒருத்தர் மெதுவா ஆரம்பிப்பாங்க: "பி.ஓ.டி.ன்னு ஒண்ணு இருக்காமே, ஆக்குபேஷனல் தெரபியாம். படிச்சா என்ன சம்பளம் வரும்?"

நியாயமான கேள்வி. வருஷக்கணக்கா படிச்சு, பயிற்சியும் முடிச்சு வரணும். வீட்டு நகை அடகுக்குப் போகும். சம்பளம் என்னன்னு கேட்காம இருக்க முடியுமா?

ஆனா இதுக்கு ஒரே ஒரு நம்பரைச் சொல்லி முடிச்சிட முடியாது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையோட 2023 மே மாசக் கணக்குப்படி அங்க ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டோட நடுத்தரமான ஆண்டு வருமானம் 96,370 டாலர். இங்கிலாந்து அரசு மருத்துவத்துறையில 2024-25-ல புதுசா சேர்றவங்களுக்கு வருஷம் 29,970 பவுண்ட். நம்ம எய்ம்ஸ் மாதிரி மத்திய அரசு நிறுவனத்துல ஏழாவது சம்பள கமிஷன்படி லெவல் 6, அதாவது மாசம் அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய், படிகள் தனி. நம்மூர் மாதிரி சின்ன ஊர்ல ஒரு தனியார் மையத்துல சேர்ந்தா ஆரம்பத்துல இருபதாயிரத்தைத் தொடறதே பெரும்பாடு.

எல்லா இடத்துலயும் அதே வேலைதான். சம்பளத்துல மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? "அது டாலர், இது ரூபாய்"னு சொல்லித் தப்பிக்க முடியாது. இந்தத் தொழிலோட வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினா ஒரு விஷயம் பளிச்சுனு தெரியுது. அதைத்தான் இந்தப் பதிவுல சொல்லப் போறேன்.

முதல்ல, அது என்ன வேலை?

பிசியோதெரபி எல்லாருக்கும் தெரியும். பக்கவாதம் வந்த ஆளைக் கையைத் தூக்க வைப்பாங்க, நடக்க வைப்பாங்க. சரி, கை தூக்கியாச்சு. அந்தக் கையால கைலியை இறுக்கிக் கட்ட முடியுதா? சோத்தைப் பிசைய முடியுதா? சட்டைப் பித்தானைப் போட முடியுதா? பழைய வேலைக்குத் திரும்ப முடியுதா? இந்த இடத்துல ஆரம்பிக்கிறதுதான் ஆக்குபேஷனல் தெரபி. சுருக்கமா ஓ.டி.

கரண்டிப் பிடியில பழைய சைக்கிள் டியூபைச் சுத்தி தடிமனாக்குவாங்க. பித்தானை எடுத்துட்டு ஒட்டுற பட்டை தைப்பாங்க. பிளாஸ்டிக் நாற்காலி நடுவுல ஓட்டை போட்டு கக்கூஸ்ல வைப்பாங்க. தரையில அரிவாள்மனை முன்னாடி உட்கார முடியாத அம்மாவுக்கு உட்கார்ற இடத்தை மாத்திக் குடுப்பாங்க. அரிசியும் பருப்பும் கலந்து வெச்சுப் பொறுக்கச் சொல்லி விரலுக்கு வேலை குடுப்பாங்க. பார்த்தா "இதுக்கு ஒரு டிகிரியா?"னு தோணும். ஒரு மாசம் ஒத்தைக் கையோட இருந்து பார்த்தா தோணாது.

பேரே ஒரு வில்லங்கம். ஆக்குபேஷன்னா நாம 'தொழில்'னு எடுத்துக்கிறோம். அதனால 'தொழில்சார் சிகிச்சை'ன்னு ஒருத்தர் சொல்றார், 'செயல்முறை சிகிச்சை'ன்னு இன்னொருத்தர். இதுல 'ஆக்குபேஷன்'னா ஒரு மனுஷன் காலையில எழுந்ததுல இருந்து படுக்குற வரைக்கும் செய்யுற எல்லாமே. பல் தேய்க்கிறதும் அதுல உண்டு, பசங்க பம்பரம் விடுறதும் உண்டு.

1917: ஒரு நோயாளி ஆரம்பிச்ச தொழில்

இந்தத் தொழிலைச் சங்கமா கூட்டி ஆரம்பிச்ச ஆள் டாக்டர் இல்லை. ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன்னு ஒரு கட்டடக் கலைஞர். காசநோய், கால் விரல் வெட்டி எடுத்தது, போதாததுக்கு இடது பக்கம் செயலிழப்பு. மனுஷன் நியூயார்க் மாநிலத்துல கிளிப்டன் ஸ்பிரிங்ஸ்ங்கிற சின்ன ஊர்ல ஒரு வீட்டை எடுத்து, தச்சு வேலையும் தோட்ட வேலையும் செஞ்சே தன்னைத் தேத்திக்கிட்டார். அதே வீட்ல 1917 மார்ச் 15-ம் தேதி ஒரு சிறு கூட்டம் கூடி இந்தத் தொழிலுக்கான முதல் சங்கத்தைத் தொடங்கிச்சு.

ஏறக்குறைய மூணு வாரம். ஏப்ரல் 6-ம் தேதி அமெரிக்கா முதல் உலகப் போர்ல குதிச்சது. கையும் காலும் போன சிப்பாய்ங்க கப்பல் கப்பலா வரப் போறாங்கன்னு ராணுவத்துக்குத் தெரியும். அவங்களைத் திரும்ப ஏதாவது ஒரு வேலைக்கு லாயக்காக்கணும். அவசர அவசரமா பெண்களுக்குப் பயிற்சி குடுத்து, 'புனரமைப்பு உதவியாளர்கள்'ங்கிற பேர்ல ராணுவம் வேலைக்கு எடுத்தது. அதுல பல பேர் பிரான்ஸ் வரைக்கும் போனாங்க.

கவனிங்க. நோயாளியை ஏதாவது வேலை செய்ய வெச்சுத் தேத்துறது 1917-க்கு முன்னாடியே இருந்த பழக்கம்தான். மனநல விடுதிகள்ல நூறு வருஷத்துக்கு மேலா செஞ்சு பார்த்தது. ஆனா அது ஒரு 'உத்தியோகம்' ஆனது எப்போ? ராணுவம் சம்பளம் குடுக்க முன்வந்தப்போ. கதையோட சாவி இதுதான். இதைக் கையில வெச்சுக்கிட்டு வாங்க, நம்ம நாட்டுக்குப் போவோம்.

1950: பம்பாய்க்கு வந்த மருமகள்

நியூஜெர்சியில 1900-ல பிறந்த எலிசபெத் லண்டிங்கிற பெண், விஷ்ணு நிம்ப்கர்ங்கிற இந்தியரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு 1930-ல இங்க வந்து கமலா நிம்ப்கர் ஆனாங்க. பிறகு அமெரிக்கா போய் ஓ.டி. படிச்சுத் திரும்பி வந்து, 1950-ல பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில இந்தியாவோட முதல் ஆக்குபேஷனல் தெரபி பள்ளியை ஆரம்பிச்சாங்க. 1952-ல அகில இந்திய சங்கமும் வந்தாச்சு. அதே 1952-ல உலகக் கூட்டமைப்பு உருவானப்போ, தொடங்கின பத்து நாடுகள்ல இந்தியாவும் ஒண்ணு. சுதந்திரம் கிடைச்சு அஞ்சே வருஷம்!

இங்கயும் அந்தச் சாவியைப் போட்டுப் பாருங்க. கே.இ.எம். பம்பாய் மாநகராட்சி நடத்துற ஆஸ்பத்திரி. காசு குடுத்தது நகராட்சி வரி கட்டுன ஜனங்க. அதனால இந்தத் தொழில் முதல்ல வேர் விட்டது பம்பாய் மாதிரி பெரிய நகரத்துல. கிராமத்துக்கு அது நடந்து வரவே இல்லை.

வேலூர்: நேராக்கின கை, போன வருமானம்

தமிழ்நாட்டுக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்தப் பகுதி. 1946-ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயால மடங்கிப் போன விரல்களை ஆபரேஷன் பண்ணி நேராக்கினார். தசைநாரை இடம் மாத்தி வெச்சு, மூடின கையைத் திறக்க வெச்சார். உலகமே வியந்து பார்த்த வேலை.

ஆனா கை நேரானவங்கள்ல சிலர் திரும்பி வந்து புலம்பினாங்க. மடங்கின கையை நீட்டினா காசு விழுந்துச்சாம். இப்ப நல்ல கையை நீட்டினா ஒருத்தரும் போட மாட்டேங்கறாங்க. தொழுநோய் வந்த ஆள்னு தெரிஞ்சா வேலைக்கும் யாரும் எடுக்கறதில்லை. ஆபரேஷன் வெற்றி, வருமானம் பூஜ்யம்.

பிராண்ட் அதைக் காதுல வாங்கிக்கிட்டார். 1951-ல 'நவஜீவ நிலையம்' வந்துச்சு. ஆபரேஷன் ஆன பையன்கள் அங்க தங்கி தச்சு வேலை கத்துக்கிட்டாங்க, மரப் பொம்மை செஞ்சாங்க. வலி தெரியாத கைங்கிறதால உளியும் சுத்தியலும் எங்க அழுத்துதுன்னு தினமும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கணும். காயம் எப்படி வருதுன்னு துருவினப்போ பல விஷயம் வெளிய வந்துச்சு. இறுகிப் போன பூட்டுல சாவியைத் திருப்புறது, சூடான பாத்திரத்தைத் தொடுறது... சிலருக்கு ராத்திரி தூங்கினா காலையில விரல்ல கொஞ்சம் காணோம். காவல் இருந்து பார்த்தா, எலி! வலி தெரியாததால முழிப்பு வரலை. தீர்வு என்ன தெரியுமா? வீட்டுக்குப் போறவங்க கையில ஒரு பூனையைக் குடுத்து அனுப்பினாங்க.

எனக்கு ஓ.டி.ன்னா என்னன்னு முழுசா புரிஞ்சது இந்தப் பூனையிலதான் :-) பிராண்ட் படிச்சது சர்ஜரி. ஆனா நோயாளியோட ராத்திரியையும் அடுப்படியையும் பட்டறையையும் போய்ப் பார்த்தாரே, அந்தப் பார்வைதான் இந்தத் தொழிலோட உயிர்.

அதே வேலூர்ல டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல கார் விபத்துல இடுப்புக்குக் கீழ செயலிழந்து போச்சு. சக்கர நாற்காலியில உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளோட கைகளுக்கு ஆபரேஷன் பண்ணினவங்க. பிறகு நியூயார்க்ல படிச்சு வந்து, சி.எம்.சி.யில மறுவாழ்வு மருத்துவத் துறையைத் தலைமையேற்று வளர்த்தாங்க. 1966-ல பாகாயத்துல தங்கிப் பயிற்சி எடுக்குற மறுவாழ்வு நிலையம் வந்துச்சு. முதுகுத்தண்டு அடிபட்டவங்க சமைக்கவும், துவைக்கவும், தொழில் செய்யவும் அங்க கத்துக்கிட்டாங்க. சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில 1961-ல இருந்து 1978 வரை தலைமைப் பொறுப்புல இருந்த டாக்டர் சாரதா மேனனும் நோயாளிகளுக்கு வேலைப் பயிற்சி தர்ற தொழிற்கூடத்தைக் கொண்டு வந்தாங்க.

வேலூர்ல காசு குடுத்தது மிஷன். கீழ்ப்பாக்கத்துல அரசாங்கம். ரெண்டும் ஒரு வளாகத்துக்குள்ள. மதில் சுவரைத் தாண்டினா அந்த வேலைக்குச் சம்பளம் தர ஆளில்லை.

டாலர் வந்தது, போனது

1990-கள்ல காத்து மாறுச்சு. அமெரிக்காவுல வயசானவங்களுக்கான அரசு காப்பீடு மெடிகேர். முதியோர் மருத்துவ இல்லங்கள்ல தெரபிக்கு அது தாராளமா பணம் குடுத்துச்சு. அங்க ஆள் பத்தலை, இங்க ஆள் இருந்துச்சு. பம்பாய், நாக்பூர், சென்னைன்னு பி.ஓ.டி. முடிச்சவங்க விமானம் ஏறினாங்க. "பி.ஓ.டி. படிச்சா அமெரிக்கா"ங்கிற பேச்சு பிறந்தது அப்பதான்.

1997-ல அங்க பட்ஜெட்டைச் சரிக்கட்டுற சட்டம் ஒண்ணு போட்டாங்க. 1998-ல முதியோர் இல்லங்களுக்குப் பணம் தர்ற முறையை மாத்தினாங்க. 1999 ஜனவரியில ஓ.டி.க்கு ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 1,500 டாலர்னு ஒரு உச்சவரம்பும் வந்துச்சு. நேத்து வரைக்கும் போனஸ் குடுத்துக் கூப்பிட்ட கம்பெனிங்க ஆளைக் குறைச்சுது. அடுத்த வருஷமே அந்த உச்சவரம்பை நிறுத்தி வெச்சாங்கங்கிறது வேற கதை. பிறகு 2007-ல இருந்து அங்க புதுசா நுழையணும்னா முதுகலைப் படிப்பு அளவுக்குத் தகுதி வேணும்னு ஆச்சு. வெறும் பி.ஓ.டி.யோட ஏறின கதவு அத்தோட சாத்தியாச்சு.

யோசிச்சுப் பாருங்க. 1997-க்கும் 1999-க்கும் நடுவுல தெரபிஸ்ட்டோட திறமை குறைஞ்சுதா? நோயாளி குறைஞ்சாங்களா? ரெண்டும் இல்லை. பில் கட்டுறவர் மனசு மாறிட்டார், அவ்வளவுதான்.

2000-க்கு அப்புறம்: பில் கட்டுறது அப்பா அம்மா

நம்ம பக்கம் 2000-க்கு அப்புறம் புதுசா ஒரு தேவை வந்துச்சு. ஆட்டிசம், கவனக்குறைவு, பேச்சு தாமதம்னு குழந்தைங்களைக் கூட்டிக்கிட்டு பெற்றோர் அலைய ஆரம்பிச்சாங்க. 2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஊனத்தோட வகைகளை 7-ல இருந்து 21 ஆக்கினப்போ ஆட்டிசமும் பட்டியல்ல வந்துச்சு. சென்னையிலயும் கோயமுத்தூர்லயும் தெரு முனைக்கு ஒரு தெரபி சென்டர் முளைச்சுது.

ஆனா நம்ம நாட்டு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரியில படுத்தாத்தான் பணம் குடுக்கும். வாரத்துக்கு மூணு நாள்னு வருஷக்கணக்கா வந்து போற தெரபிக்குக் கிடையாது. ஒவ்வொரு செஷனுக்கும் பெற்றோர் பாக்கெட்ல இருந்து எடுத்துக் குடுக்கணும். ஆக, குடுக்க முடிஞ்ச பெற்றோர் எங்க இருக்காங்களோ அங்கதான் தெரபிஸ்ட் இருப்பார். இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது. அவரும் படிப்புக் கடன் கட்டணும்ல?

போதாக்குறைக்கு, யார் வேணாலும் போர்டு மாட்டிக்கலாம்ங்கிற நிலைமை. மகாராஷ்டிரா, டெல்லி மாதிரி சில மாநிலங்கள்ல கவுன்சில் இருந்துச்சே தவிர, நாடு முழுக்க ஒரு சட்டம் 2021-லதான் வந்துச்சு, தேசிய துணை மருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டம். 1950-ல முதல் பள்ளி, 2021-ல முதல் தேசியச் சட்டம். நடுவுல 71 வருஷம்.

சரி, புதுக்கோட்டைக்கு வருவோம்

ஆதனக்கோட்டைப் பக்கம் ரோட்டோரமா முந்திரி வறுத்து உடைக்கிறாங்களே, அந்தக் கொட்டையோட தோல்ல இருக்குற எண்ணெய் கையைப் புண்ணாக்கும். விரல் மடங்கலைன்னா அன்னிக்குக் கூலி இல்லை. கீரமங்கலம் பக்கம் தென்னை மரம் ஏறுறவர் விழுந்தா முதுகுத்தண்டு. ஜல்லிக்கட்டு அதிகமா நடக்குற மாவட்டம் நம்மளுது, அதுல அடிபடுறவங்க தனிக் கணக்கு. ஜெகதாப்பட்டினத்துல பக்கவாதம் வந்த மீனவருக்கு வலை முடிச்சு போடத் தெரிஞ்ச கையை யார் திருப்பிக் குடுப்பா? கைய நம்பிப் பிழைக்கிற ஊர் இது. ஓ.டி. ரொம்பத் தேவைப்படுறதும் இங்கதான், அதுக்குக் காசு குடுக்க ரொம்பக் கஷ்டப்படுறதும் இங்கதான்.

ஒண்ணுமே நடக்கலைன்னு சொல்ல மாட்டேன். 2017-ல புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துச்சு. 2021 ஆகஸ்ட்ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' பிசியோதெரபிஸ்ட்டை வீட்டு வாசலுக்கே கூட்டி வந்துச்சு. 2022-ல உலக வங்கி 16 கோடியே 20 லட்சம் டாலர் கடன் ஒப்புதல் குடுத்த தமிழக அரசோட 'உரிமைகள்' திட்டத்துல, 'விழுதுகள்'ங்கிற பேர்ல ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வருது. பிசியோ, ஓ.டி., பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே கூரையில, போக முடியாதவங்களுக்கு வண்டியில. இதுல முக்கியமான விஷயம் இது: கிராமத்து நோயாளிக்காக அரசாங்கம் தெரபிஸ்ட்டுக்குச் சம்பளம் குடுக்குறது. ஆனா திட்டத்து வேலைன்னா ஒப்பந்த வேலையாத்தான் இருக்கும்ங்கிறது நமக்குப் பழகின விஷயம். திட்டம் முடிஞ்சா என்ன ஆகும்ங்கிறதை 1999 அமெரிக்கா கதை சொல்லிடுச்சு.

கிராமத்துல இது நடக்கவே நடக்காதுன்னு சொல்றவங்க தென்காசி பக்கம் ஆய்க்குடிக்குப் போய்ட்டு வரணும். 1975-ல கடற்படைத் தேர்வுல அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல ஆரம்பிச்ச அமர் சேவா சங்கம் அங்க இருக்கு. உள்ளூர் பெண்களுக்குப் பயிற்சி குடுத்து வீடு வீடா அனுப்புறாங்க, பின்னாடி இருந்து தெரபிஸ்ட்டுங்க வழி நடத்துறாங்க. ஒரு தெரபிஸ்ட்டோட அறிவு பல கிராமத்துக்குப் போகுது.

அதெல்லாம் ஏன், நம்ம மாவட்டமே சாட்சி. 1991-92-ல ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்போ அறிவொளி இயக்கத்துல ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. கல்குவாரியில வேலை செஞ்ச பொண்ணுங்க தண்ணிக்கும் சந்தைக்கும் தானே போய் வந்தாங்க. ஒரு சின்ன கைப்பழக்கம் வாழ்க்கையையே மாத்தும்ங்கிறது புதுக்கோட்டைக்காரங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டிய விஷயமே இல்லை.

அப்ப படிக்கலாமா, வேண்டாமா?

என் கருத்து இதுதான். காலேஜ்காரர் காட்டுற டாலர் கணக்கைப் பார்த்துச் சேராதீங்க. அந்தச் சம்பளத்துக்கு நடுவுல முதுகலை, தேர்வு, விசா எல்லாம் இருக்கு. நம்மூர்ல ஆரம்பச் சம்பளம் குறைச்சல், முதல் நாலஞ்சு வருஷம் இறுக்கம்தான். குழந்தைங்க மறுவாழ்வு, கை மறுவாழ்வு, மனநலம்னு ஏதாவது ஒண்ணுல ஆழமாப் போனவங்களுக்குப் பிறகு வேலைக்குப் பஞ்சம் இல்லை. சேருற காலேஜுக்கு அங்கீகாரம் இருக்கா, பயிற்சிக்கு நிஜமான ஆஸ்பத்திரி இருக்கான்னு மட்டும் கண்ணால பார்த்துட்டுச் சேருங்க. அந்தப் பூனைக் கதையைக் கேட்டுப் புள்ளைக்குக் கண்ணு விரிஞ்சா, தாராளமா சேர்க்கலாம்.

புள்ளைங்க தன் பங்கைச் செஞ்சிடும். மிச்சம் இருக்குறது பில் கட்டுற விஷயம். அதுக்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன்.

புதுக்கோட்டை மாவட்டத்துல 13 ஒன்றியம். ஒன்றியத்துக்கு ஒரு நிரந்தர ஓ.டி. பணியிடம், மாசம் 35,400 அடிப்படைச் சம்பளம்னு வெச்சா வருஷத்துக்கு 55,22,400 ரூபாய். 2011 கணக்குப்படி மாவட்ட மக்கள்தொகை 16,18,345. வகுத்துப் பாருங்க, ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 3 ரூபாய் 41 பைசா. படிகள் எல்லாம் சேர்த்து ரெண்டு மடங்குன்னே வெச்சுக்கங்க, ஏழு ரூபாய் வராது. பஸ் ஸ்டாண்டுல ஒரு டீ இந்தக் காசுக்குக் கிடைக்காது.

டிஸ்கி: வெளிநாட்டுல ஓ.டி.யா இருக்குற பதிவர்கள், இல்ல வீட்ல ஓ.டி. இருக்குற பதிவர்கள் யாராச்சும் உங்க அனுபவத்தை ஒரு தனிப் பதிவா போடுங்க. சம்பளத்தை மட்டும் எழுதாதீங்க, அதை யார் குடுக்குறாங்கன்னும் சேர்த்து எழுதுங்க.